எவ்வளவு சொன்னால் போதும்? ஏஐ உதவியாளரிடம் வேலை சொல்வது பற்றிய விவாதமும் ஆஸ்திரேலிய அனுபவமும்

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களையும் முதலீடுகளையும் கண்காணிக்கும் ஆணையமான ‘ஏசிக்’ ஒரு சிறு சோதனை செய்து பார்த்தது. நாடாளுமன்றக் குழு ஒன்றின் விசாரணைக்கு வந்திருந்த ஐந்து கருத்துரைகளை ஆணையத்தின் ஊழியர்கள் சுருக்கி எழுதினார்கள். அதே ஐந்தையும் லாமா 2 என்ற மொழி மாதிரியும் சுருக்கியது. எதை யார் எழுதியது என்று சொல்லாமல் மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தார்கள். ஊழியர்களின் சுருக்கங்கள் 81 விழுக்காடு மதிப்பெண் பெற்றன. மாதிரியின் சுருக்கங்கள் 47.

இந்த இரண்டு எண்களும் பரவலாகப் பேசப்பட்டன. மதிப்பெண் எங்கே குறைந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆணையத்தைப் பற்றிய குறிப்புகள் எந்தப் பக்கத்தில், என்ன தொடர்பில் வருகின்றன என்று எடுத்துத் தரும் இடத்தில்தான் மாதிரி பெரிதும் தடுமாறியது. அதைக் கேட்காமல் விட்டுவிடவில்லை. என்ன வேண்டும் என்று எழுதி, அந்தக் கட்டளையைத் திருத்தித் திருத்தித்தான் கொடுத்திருந்தார்கள். மாதிரி பழையது, இந்த முடிவைப் பொதுவாக்கக் கூடாது என்று அறிக்கையே எச்சரித்தது. இன்றைய மாதிரிகள் அதைவிட நன்றாகச் செய்யும் என்று எதிர்பார்க்கவும் இடமுண்டு. ஆனால் சோதனை எழுப்பிய கேள்வி மாதிரியோடு சேர்ந்து பழையதாகிவிடவில்லை. அந்த ஊழியர்களுக்கு எழுதிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது எது? ஒரு வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது எவ்வளவு சொன்னால் போதும்?

இதற்கு இன்று குறைந்தது நான்கு வகையான பதில்கள் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே தாங்குகிறது, எங்கே முறிகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை சிட்னியிலும் மெல்பர்னிலும் நடந்தவை. அரசு அலுவலகம், நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை என்று பலவிடத்தும் கடந்த சில ஆண்டுகளில் அங்கே நடந்தவை பொது ஆவணங்களாகவே கிடைக்கின்றன என்பது அதற்குக் காரணம்.

கேள்வியின் வயது

கணினி வழியாக இந்தக் கேள்வி ஆஸ்திரேலியாவுக்கு வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. ட்ரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் சிட்னியில் உருவாக்கிய கணினி 1949 நவம்பரில் முதல் நிரலை ஓட்டியது. 1955-இல் அதை மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள்; ‘சைராக்’ என்ற பெயரில் 1964 வரை அங்கே உழைத்தது. துளையிட்ட காகித நாடாவில்தான் அதற்கு வேலை சொல்ல முடியும். ஒரு துளை இடம் மாறினால் கணக்கு முழுவதும் மாறும். 1960 வாக்கில் ஜெஃப் ஹில் அதற்கென்று ‘இன்டர்புரோகிராம்’ என்ற நிரல்மொழியை எழுதினார். எந்திரக் குறியீட்டைவிட மனிதர் வாசிக்கத் தக்க மொழி அது. எந்திரத்தின் பக்கம் மனிதன் நகர்வதா, மனிதனின் பக்கம் எந்திரம் நகர்வதா என்ற இழுபறியில் அது ஒரு தொடக்ககால அடி.

அந்த நகர்வு நல்லதா என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா, 1978-இல் எழுதிய குறிப்பு ஒன்றில், பேச்சுமொழியில் கணினிக்குக் கட்டளையிடும் ஆசையை மடமை என்றே சாடினார். குறியீட்டு மொழியின் இறுக்கம் தொல்லை போலத் தோன்றினாலும், அபத்தத்தை எழுதவிடாமல் தடுப்பது அந்த இறுக்கம்தான். பேச்சுமொழியிலோ அபத்தத்தையும் அழகாகச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய வாதம். அடுத்த பத்தாண்டில் மானுடவியலாளர் லூசி சச்மன் வேறு திசையிலிருந்து வந்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் எந்திரத்தில், பயன்படுத்துவோருக்கு வழிகாட்டும் ‘அறிவுள்ள’ உதவி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மக்கள் அதனோடு போராடுவதைப் படம்பிடித்துப் பார்த்த அவர், 1987-இல் வெளியிட்ட நூலில் சொன்னது இது: மனிதர் திகைப்பதையும் தங்களுக்குள் பேசிக்கொள்வதையும் எந்திரம் அறியாது, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். சாவித்துவாரம் வழியே வீட்டைப் பார்ப்பது போன்ற நிலை அது.

இந்த இரண்டு கவலைகளும் தமிழ் இலக்கணத்துக்குப் புதியவை அல்ல. பொருள் சொல்லிலேயே வெளிப்படையாக நிற்பதும் உண்டு, குறிப்பால் தோன்றுவதும் உண்டு என்று தொல்காப்பியம் பிரித்துவைத்தது. சொல்லாமல் எஞ்சி நிற்பதை ‘எச்சம்’ என்று பெயரிட்டுப் பத்து வகையாக எண்ணியது. பவணந்தியின் நன்னூலோ இன்னும் நேரடியாக நமக்குப் பயன்படும் ஒன்றைச் செய்தது. ஒரு நூலுக்குள் நுழையும் முன் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்று எட்டைச் சிறப்புப் பாயிரத்தில் அது கேட்கிறது: யார் செய்தது, எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, பெயர் என்ன, எதற்குப் பின் எது என்ற தொடர்பு, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு, என்ன பயன். இன்று ஏஐ பற்றிய பயிற்சி வகுப்புகளில் புதிதாகக் கண்டுபிடித்தது போல எழுதிக் காட்டப்படும் பட்டியல்களில் பலவும் இந்த எட்டுக்குள் அடங்கும். இது பெருமைக்காகச் சொல்வதல்ல. ஒரு வாசகத்தின் பொருள் அந்த வாசகத்துக்குள் மட்டும் இல்லை என்பதை உரையாசிரியர் மரபில் வளர்ந்த மொழி முன்பே கணக்கில் எடுத்திருந்தது என்பதற்காகச் சொல்வது.

சொல்லில் இருக்கிறது என்போர்

முதல் பதில் 2020-க்குப் பின் எழுந்தது. ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியைப் பற்றிய ஆய்வு அந்த ஆண்டு வெளியானபோது, மாதிரியைத் திரும்பப் பயிற்றுவிக்காமலே, கட்டளையோடு சில எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் புதிய வேலையைச் செய்யும் என்று காட்டியது. 2022-இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கோஜிமாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள்: படிப்படியாக யோசிப்போம் என்ற பொருளுடையது. கணக்குப் பயிற்சித் தொகுப்பு ஒன்றில் சரியான விடைகள் 17.7 விழுக்காட்டிலிருந்து 78.7-க்கு உயர்ந்தன. ஒரு வாக்கியம் இவ்வளவு செய்யுமானால், வாக்கியம் அமைப்பதே தனிக் கலை என்று நம்புவது இயல்பு. ‘ப்ராம்ப்ட்’ எனப்படும் இந்தக் கட்டளையை எழுதுவது ஒரு தொழிலாகவே பேசப்பட்டது. சிட்னியிலும் மெல்பர்னிலும் அலுவலகங்கள் நடத்திய தொடக்கநிலைப் பயிற்சிகளும் பெரும்பாலும் இதே தடத்தில் சென்றன: பாத்திரம் கொடு, தொனி சொல், வடிவம் சொல்.

ஆனால் அதே காலத்து ஆய்வுகள் அந்த நம்பிக்கையின் அடியையும் அரித்தன. 2023-இல் மெலனி ஸ்கிளார் குழுவினர், பொருளை மாற்றாமல் இடைவெளி, நிறுத்தக்குறி போன்ற வடிவக் கூறுகளை மட்டும் மாற்றிப் பார்த்தபோது, ஒரு மாதிரியின் துல்லியம் 76 புள்ளிகள் வரை ஏறி இறங்கியது. காற்புள்ளிக்கு அவ்வளவு ஆடும் ஒன்றை, சொல்லின் நயத்தால் ஆள்வதாக நினைப்பது எவ்வளவு தூரம் சரி? ‘நீ ஒரு தேர்ந்த வழக்கறிஞர்’ என்பது போலப் பாத்திரம் கொடுக்கும் வழக்கத்தை, 162 பாத்திரங்களை வைத்துச் சோதித்த இன்னோர் ஆய்வு, தகவல் சார்ந்த வினாக்களில் அதனால் முன்னேற்றம் இல்லை என்று கண்டது. படிப்படியாக யோசிக்கச் சொல்வதும், தானே யோசிக்கும்படி பயிற்றப்பட்ட பிந்தைய மாதிரிகளில் பெரிய பயன் தரவில்லை என்று வார்ட்டன் கல்லூரி ஆய்வாளர்கள் 2025-இல் எழுதினார்கள்.

சொல்லே எல்லாம் என்ற நிலைப்பாடு மாதிரிக்கு மாதிரி தேய்ந்துகொண்டே வருகிறது என்பதுதான் நேர்மையான மதிப்பீடாக இருக்க முடியும். எடுத்துக்காட்டு காட்டுவது மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்திருக்கிறது. அதற்கும் காரணம் சொல்வன்மை இல்லை. எடுத்துக்காட்டு என்பது வேலையையே காட்டுகிறது.

பின்னணியில் இருக்கிறது என்போர்

2025 ஜூனில் ஷாப்பிஃபை தலைவர் டோபி லூட்கேவும், பின்னர் ஏஐ ஆய்வாளர் ஆந்திரே கர்பாதியும், ப்ராம்ப்ட் என்ற சொல்லைவிடப் பின்னணியைக் கட்டமைப்பது என்ற சொல்லே பொருந்தும் என்று எழுதியதிலிருந்து இந்தப் பதில் பரவலாயிற்று. கருத்து அதற்கும் மூத்தது. கேள்வி வந்ததும் தொடர்புடைய ஆவணங்களைத் தேடியெடுத்து மாதிரியின் முன் வைக்கும் முறை 2020-லேயே வந்துவிட்டது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்த ஜெரமி ஹோவர்ட், ஒவ்வோர் இணையதளமும் மொழி மாதிரிகளுக்கென்று சுருக்கமான, தெளிவான கோப்பு ஒன்றை வைக்கட்டும் என்று 2024 செப்டம்பரில் முன்மொழிந்தார். மனிதருக்கு முகப்பு இருப்பது போல எந்திரத்துக்கும் ஒரு பாயிரம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த நிலைப்பாட்டை அலுவலக அளவில் சோதித்துப் பார்த்த பெரிய முயற்சிகளில் ஒன்று ஆஸ்திரேலிய மத்திய அரசுடையது. 2024 ஜனவரி முதல் ஜூன் வரை, 60-க்கும் மேற்பட்ட துறைகளில் 7,600-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் கொடுக்கப்பட்டது. அது வெறும் உரையாடல் பெட்டி இல்லை; ஊழியரின் மின்னஞ்சல், கோப்பு, கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் எட்டக்கூடியது. அதாவது பின்னணி கையருகே இருந்தது. அக்டோபரில் வந்த மதிப்பீட்டில், சுருக்குவதிலும் முதல் வரைவு எழுதுவதிலும் நேரம் மிச்சமானதாகப் பலர் சொன்னார்கள். ஆனால் நாள்தோறும் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் அளவே. இன்னொரு கண்டுபிடிப்பு கூடுதல் கவனத்துக்குரியது: கோப்புகளை வகைப்படுத்துவதிலும் அனுமதி வரையறுப்பதிலும் ஏற்கெனவே இருந்த ஒழுங்கின்மையை இந்தக் கருவி பெரிதாக்கிவிடக்கூடும், பார்க்கக் கூடாதது கண்ணில் படக்கூடும் என்று மதிப்பீடு எச்சரித்தது. பூட்டாத அலமாரி பல ஆண்டுகள் அப்படியே கிடந்திருக்கலாம். யாரும் தேடாததால் தெரியாமல் இருந்தது, தேடும் எந்திரம் வந்ததும் தெரிகிறது.

எல்லாவற்றையும் கொட்டினால் போதும் என்ற எண்ணத்துக்கு ஆய்வுத் தளத்திலும் தடை உண்டு. 2023-இல் ஸ்டான்ஃபோர்டின் நெல்சன் லியூவும் மற்றவர்களும், நீண்ட பின்னணியின் தொடக்கத்திலோ முடிவிலோ உள்ள செய்தியை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று காட்டினார்கள். இருபது ஆவணங்களின் நடுவே விடை இருந்தபோது, ஆவணமே கொடுக்காமல் கேட்டதைவிடவும் மோசமாக ஒரு மாதிரி விடை சொன்னது. பிந்தைய மாதிரிகள் இதில் தேறியிருக்கின்றன. எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. இதோடு பாதுகாப்புச் சிக்கலும் சேர்கிறது. வெளியிலிருந்து வரும் மின்னஞ்சலோ கோப்போ பின்னணியாக உள்ளே போகும்போது, அதில் ஒளித்துவைத்த கட்டளையை மாதிரி தன் எசமானரின் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து முன்பே சுட்டிக்காட்டப்பட்டது. முழுத் தீர்வு இன்னும் வரவில்லை. படிக்க வேண்டியதையும் கீழ்ப்படிய வேண்டியதையும் பிரித்தறிவது மனித எழுத்தருக்கு முதல் நாளே தெரியும் பாடம். மாதிரிக்கு அது இயல்பாக வாய்க்கவில்லை.

ஒரு மருத்துவமனைக் கடிதம்

பொதுவாகப் பேசும்போது இரு தரப்பும் சரியாகவே தோன்றும். ஒரு சிறு வேலையை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கு மேல். மேற்குச் சிட்னியின் வெண்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளுக்கு அனுப்பும் கடிதத்தில், சிகிச்சைக்கு முந்தைய நள்ளிரவிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘இதைத் தமிழில் தா’ என்று மட்டும் சொன்னால், ‘விரதம் இருக்கவும்’ என்று வந்து நிற்க வாய்ப்பு உண்டு. அகராதிப்படி பிழை சொல்ல முடியாது. ஆனால் எழுபது வயதுத் தமிழ்ப் பாட்டிக்கு விரதம் என்றால் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளலாம். மயக்க மருந்து கொடுக்கப்போகும் காலையில் பால் குடித்துவிட்டு வருவது சிறிய விஷயம் இல்லை.

சொல்லை மெருகேற்றுவோர் இங்கே ‘நீ தேர்ந்த மருத்துவ மொழிபெயர்ப்பாளர்’ என்று சேர்ப்பார்கள். நடை கொஞ்சம் கம்பீரமாகும். விரதம் போகும் என்பதற்கு உறுதி இல்லை. பின்னணியாளர்கள் மருத்துவமனையின் பழைய தமிழ்க் கடிதங்களைக் கொடுப்பார்கள். அதனால் சொற்கள் ஒன்றுபடும். பழைய கடிதத்தில் பிழை இருந்தால் அதுவும் கூடவே வரும். உண்மையில் வேலையை மாற்றுவது வேறு வகையான சில வரிகள். வாசிப்பவர் வயதானவர், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். ஆகவே வைத்தியசாலை, தாதி, சத்திரசிகிச்சை என்பவை அவருக்குப் பழகியவை. மருத்துவமனை, செவிலியர், அறுவை சிகிச்சை என்பவை சென்னையிலிருந்து வந்தவருக்கு. இந்த வரியைப் படித்தபின் அவர் செய்ய வேண்டியது: உணவோ பாலோ தேநீரோ எதுவும் எடுக்காமல் இருத்தல். தண்ணீர் கூடாதா, காலை மாத்திரை போடலாமா என்று மூலத்தில் இல்லை. இல்லாததை நீயாக எழுதாதே, இல்லை என்று எனக்குச் சொல்.

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூலக் கடிதமே குறையுள்ளது என்பதைக் கண்டுகொள்ள நோயாளிகளோடு பழகிய ஒருவர் தேவை. ஆஸ்திரேலியாவின் மொழிபெயர்ப்புச் சான்றளிப்பு அமைப்பான ‘நாட்டி’யின் அங்கீகாரம் பெற்றவர் ஒருவர் இருந்தால் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். அவர் கேட்கும் அந்தக் கேள்வி எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. மெய்யியலாளர் மைக்கேல் பொலானி 1966-இல், நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்திருப்பது அதிகம் என்ற கருத்தை முன்வைத்தார். பின்னணியைக் கொடு என்று சொல்வது எளிது. பின்னணி ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. அங்கேதான் இந்த நிலைப்பாடு பலவீனமாகிறது.

நன்னூலின் எட்டில் கேட்போர், பயன், வழி, எல்லை ஆகிய நான்கும் இந்தச் சிறிய வேலையிலேயே வந்துவிட்டன. யார் படிக்கப்போகிறார், படித்துவிட்டு என்ன செய்வார், எந்த மூலத்திலிருந்து, எது வரை. பாத்திரமும் தொனியும் இவற்றுக்குப் பின்னால் வருபவை.

நிறுவனமே எழுதித் தரட்டும் என்போர்

ஊழியர் ஒவ்வொருவரும் நல்ல கட்டளை எழுதுவார் என்று எதிர்பார்ப்பதே தவறு என்பது மூன்றாம் பதில். இதற்கு ஆதரவான ஆய்வு ஒன்று 2023-இல் வந்தது: தொழில்நுட்பப் பின்னணி இல்லாதவர்கள், மனிதரிடம் பேசுவது போலவே மாதிரியிடமும் பேசி, ஓரிரு முயற்சியில் கிடைத்ததை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் குறை சொல்வதில் பயனில்லை. அப்படியானால் கட்டளையை ஒரு முறை, யோசித்து, பொறுப்பான ஓரிடத்தில் எழுதிவைக்கலாமே.

நியூ சவுத் வேல்ஸ் கல்வித் துறை இதைத்தான் செய்தது. துறையே உருவாக்கிய ‘என்எஸ்டபிள்யூ எடுசாட்’ என்ற ஏஐ கருவி 2024-இல் 16 அரசுப் பள்ளிகளில் சோதனைக்கு வந்து, பின்னர் விரிந்தது. மாணவர் கட்டுரை எழுதித் தரச் சொன்னால் அது எழுதித் தராது. திருப்பிக் கேள்வி கேட்டு அவரை யோசிக்க வைக்கும்படி அமைக்கப்பட்டது. மாணவரின் சொல்லுக்கும் மேலே துறையின் சொல் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் டேனி லியூ உருவாக்கிய ‘காக்னிட்டி’ அதே எண்ணத்தை ஆசிரியர் கையில் கொடுத்தது: ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்துக்கான உதவியாளருக்குச் சாதாரண மொழியில் நெறியெழுதி, பாடக் குறிப்புகளையும் சேர்க்கலாம். மெல்பர்னில் தொடங்கிய ‘ஹைடி’ போன்ற கருவிகள், மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுதுகின்றன. அங்கே மருத்துவர் முன்கூட்டி அமைக்கும் வார்ப்புருவே கட்டளை.

மூன்றில் காக்னிட்டியின் வழி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. வேலை தெரிந்தவரே, அந்த வேலையின் மொழியில், தாம் மாற்றக்கூடிய இடத்தில் எழுதுகிறார். துறை அளவில் எழுதும்போது ஒழுங்கும் பாதுகாப்பும் கிடைக்கின்றன. ஆனால் பெண்டில் ஹில்லில் உள்ள பள்ளிக்கும் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள பள்ளிக்கும் ஒரே நெறி பொருந்துமா என்ற கேள்வி நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. மேலே எழுதப்பட்ட நெறி கீழே இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. தன்னிடம் பேசும் கருவிக்கு என்ன சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று அறியாமல் ஓர் ஊழியரோ மாணவரோ அதன் பதிலை எப்படி எடைபோடுவார்? நெறியை வெளிப்படையாக வைத்தால் அதைச் சுற்றிப்போக வழி தேடுவார்கள் என்பது எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் பொது நிறுவனங்களைப் பொறுத்தவரை மறைப்பதற்கான காரணத்தை மறைப்பவரே நிறுவ வேண்டும்.

சொல்லக் கூடாதவை

மேற்சொன்ன மூன்று தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: கூடுதலாகச் சொன்னால் வேலை நன்றாக நடக்கும். நான்காம் தரப்பு அங்கேயே மறுக்கிறது. அதன் வலுவான ஆதாரம் மெல்பர்னில் கிடைத்தது.

விக்டோரியாவின் தகவல் ஆணையர் 2024 செப்டம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர் ஒருவரைப் பற்றியது. ஒரு குழந்தையின் பாதுகாப்புக்காக நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையை எழுத அவர் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியிருக்கிறார். குடும்பத்தின் அந்தரங்க விவரங்களை அதில் உள்ளிட்டிருக்கிறார். தந்தை பாலியல் நோக்கில் பயன்படுத்தியதாகப் புகாரில் சொல்லப்பட்ட பொம்மை ஒன்று, வயதுக்கேற்ற விளையாட்டுப் பொருள் வாங்கித் தந்த பெற்றோரின் அக்கறைக்குச் சான்றாக அறிக்கையில் இடம்பெற்றுவிட்டது. குழந்தைக்கு இருந்த ஆபத்தைக் குறைத்துக் காட்டும் வாக்கியம் அது. 2023-இன் பிற்பாதியில் மட்டும் அவர் பணியாற்றிய அரசுத் துறையில் ஏறக்குறைய 900 ஊழியர்கள், அதாவது 13 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவானோர், சாட்ஜிபிடி தளத்துக்குச் சென்றிருந்தார்கள். 2024 நவம்பர் 5-க்குள் இத்தகைய தளங்களைத் தடுக்கும்படி ஆணையர் உத்தரவிட்டார்.

இரண்டு தவறுகள் இதில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. வெளியே போகக் கூடாத விவரம் வெளியே போனது. அத்தனை விவரம் போயும், எது உயிர்நாடி என்பது புரியாத வாசகம் திரும்பி வந்தது. கூடுதலாகச் சொல்வது புரிதலைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கை இங்கே இரு பக்கமும் உடைகிறது. ஆஸ்திரேலியாவின் மத்தியத் தகவல் ஆணையர் அலுவலகமும் 2024 அக்டோபரில், பொதுவில் கிடைக்கும் ஏஐ கருவிகளில் தனிநபர் விவரங்களை, குறிப்பாக உணர்திறன் மிக்கவற்றை, இடாமல் இருப்பதே நல்ல நடைமுறை என்று வழிகாட்டியது.

நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் இன்னும் நுட்பமாகக் கோடு கிழித்தது. 2025 பிப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்த அதன் நெறிமுறைப்படி, பிரமாண வாக்குமூலத்தையும் சாட்சி அறிக்கையையும் ஏஐ கொண்டு உருவாக்கக் கூடாது. அவை அந்த மனிதரின் சொந்த அறிவைக் காட்ட வேண்டியவை. வெளியிடத் தடை விதிக்கப்பட்ட தகவல்களைத் திறந்த கருவிகளில் இடவும் கூடாது. எவ்வளவு நல்ல கட்டளை எழுதினாலும் ஒப்படைக்கவே கூடாத வேலைகள் உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டளை எழுதும் கலையைப் பற்றிய நூல்களில் இந்த வரம்பு அரிதாகவே பேசப்படுகிறது.

தடை மட்டும் போதுமா என்பது இந்தத் தரப்பின் பலவீனம். வேலைச் சுமையும் கெடுவும் குறையாத இடத்தில், அலுவலகக் கணினியில் தடுத்தது கைபேசியில் திறக்கும். தடுத்த நிறுவனமே பாதுகாப்பான மாற்று ஒன்றைக் கொடுத்தால்தான் தடைக்கு உயிர் இருக்கும். சாட்ஜிபிடியைத் தடுத்த இடங்கள் பல, பின்னர் உள்ளகக் கருவிகளின் பக்கம் நகர்ந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரிபார்ப்பது என்ற வேலை

டெலாய்ட் ஆஸ்திரேலியா, வேலைவாய்ப்புத் துறைக்குச் சுமார் 4,40,000 டாலருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் இல்லாத நூல்களும், நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து என்று காட்டிய இல்லாத மேற்கோளும் இருப்பதைச் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டோபர் ரட்ஜ் 2025-இல் கண்டுபிடித்தார். திருத்திய பதிப்பு ஏஐ பயன்பாட்டை வெளிப்படுத்தியது. கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன், 2024-இல், விக்டோரியா வழக்கறிஞர் ஒருவர் குடும்ப வழக்கில் கொடுத்த தீர்ப்புப் பட்டியலில் இருந்தவை எவையும் உண்மையில் இல்லை என்று தெரியவந்தது. அவர் பயன்படுத்தியது வழக்கறிஞர்களுக்கென்றே உள்ள மென்பொருள். 2025-இல் அவர் தனித்துத் தொழில் நடத்தும் உரிமை பறிக்கப்பட்டு, இன்னொருவர் மேற்பார்வையில் பணியாற்ற வேண்டியதாயிற்று.

‘இல்லாததை எழுதாதே’ என்று சேர்த்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்குச் சான்று உண்டு. தேடியெடுத்த ஆவணங்களை வைத்தே விடை சொல்லும்படி கட்டப்பட்ட சட்ட ஆய்வுக் கருவிகளை 2024-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, அவையும் 17 முதல் 33 விழுக்காடு வரை தவறான தகவல் தந்தன. நல்ல பின்னணி பிழையைக் குறைக்கிறது. பார்க்கும் வேலையை நீக்குவதில்லை. ஏசிக் மதிப்பீட்டாளர்களும், உண்மையா என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருப்பதால் வேலை கூடவே செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல கட்டளை அந்தச் சரிபார்ப்பை எளிதாக்கலாம்: பக்க எண் கேட்பது, மூல வாக்கியத்தை அப்படியே கேட்பது, தெரியாத இடத்தை வெறுமையாக விடச் சொல்வது. ஆனால் திறந்து பார்க்கும் கண்ணைக் கட்டளைக்குள் எழுதிவைக்க முடியாது.

தீராமல் இருப்பவை

சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வாக்கியச் சூத்திரங்களின் மதிப்பு குறைந்துகொண்டு வருகிறது. யாருக்காக, எதற்காக, எதிலிருந்து, எது வரை என்ற விவரங்களின் மதிப்பு குறையவில்லை. அந்த விவரங்களைத் தருபவர் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். கருவி தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதவில்லை. பின்னணியாகப் போகும் ஆவணம் ஒழுங்கில்லாமல் இருந்தால் விளைவும் ஒழுங்காக வருவதில்லை.

அதற்கு அப்பால் உள்ளவை திறந்தே இருக்கின்றன. பல ஆண்டு அனுபவமுள்ள ஊழியர் தமக்கு மட்டும் தெரிந்ததை எழுதிவைக்க எடுக்கும் நேரம் யாருடைய நேரம்? அது அவருடைய பணிக் கணக்கில் வருகிறதா, எழுதி முடித்தபின் அவருடைய இடத்துக்கு அது என்ன செய்யும்? பணியாளர்கள் தயங்குவதற்கு இது நியாயமான காரணம். பயிற்சி வகுப்பால் தீரக்கூடிய தயக்கம் இல்லை. அடுத்து, மாதிரிகள் இப்போது விடை சொல்வதோடு நிற்காமல் தாமே மின்னஞ்சல் அனுப்பவும் கோப்பு மாற்றவும் தொடங்கியிருக்கின்றன. முந்தைய உரையாடல்களை நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஒரு தடவை சொன்ன கட்டளைக்கு எத்தனை நாள் ஆயுள், யார் அதை நீக்கலாம் என்பதற்கு அலுவலகங்களிடம் இன்னும் வழக்கம் உருவாகவில்லை.

மேலே வந்த ஆய்வுகள் ஏறத்தாழ எல்லாமே ஆங்கிலத்தில் கட்டளையிட்டு ஆங்கிலத்தில் அளக்கப்பட்டவை. தமிழில் மரியாதைப் பன்மையும், யாழ்ப்பாணமும் சென்னையும் பிரியும் சொல்வழக்கும், எழுவாயைச் சொல்லாமல் விடும் பழக்கமும் கட்டளையின் பொருளை எப்படி மாற்றுகின்றன என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. வெண்ட்வொர்த்வில்லில் அந்தக் கடிதத்தைப் பெறுபவர்களில் சிலருக்கு அது வைத்தியசாலை, சிலருக்கு மருத்துவமனை. எந்தச் சொற்பட்டியலைக் கருவிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய கூட்டத்தில் மருத்துவமனை நிர்வாகி இருப்பார், மென்பொருள் நிறுவனத்தார் இருப்பார். மொழிபெயர்ப்பாளரும், அந்த வட்டாரத்தில் தமிழ் முதியோரோடு பழகும் தாதி ஒருவரும் அங்கே இருப்பார்களா என்பதை அந்தந்த மருத்துவமனைதான் முடிவு செய்ய வேண்டும்.